எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு இஸ்பேட் ஆஸ்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கூட்ஸ் போவணும் சார். எறங்கி டீ சாப்ட்டு வந்துருங்க" என்றார். ஏதோ விருந்தாளியிடம் சொல்வது போலத்தான் சொன்னார். இறங்கிக் குடித்தேன். எங்கள் கிள்ளானில் தேநீர் ஒரு பெரிய குவளை நிறைய வரும். இங்கே கண்ணாடி டம்ளரில் நாலு மடக்கு. ஆனால் அந்த நாலு மடக்கில் ஒரு குவளைக்கு உண்டான சர்க்கரை இருந்தது.

நான் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, இங்கே ஒன்பதாம் வகுப்பு மாதிரி, நின்றுவிட்டது. அதுவரை இந்தியா வந்ததில்லை. கடைத்தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிற சுபாவம் எனக்கு. அப்படிப்பட்டவனை என் மனைவி சரோஜா தனியாக அனுப்பியிருந்தாள் என்றால் காரியம் அப்படி.

எங்கள் மகள் மாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சரோஜாவுக்கு ஒரே தம்பி, கோவிந்தசாமி. கப்பலில் சமையல்காரனாகப் போனவன், ராயபுரத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் இறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். செய்தி போய்ச் சேரும்போது பதினாறாம் நாளே முடிந்துவிட்டது. சரோஜா கோபத்தில், "அப்பாவுக்கு வராதவன் எதுக்கும் வர வேண்டாம்" என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். அதோடு சரி. இவளும் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை.

தாய்மாமன் இல்லாமல் எப்படிக் கல்யாணம்? அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சரோஜா அதை என் பையில் வைத்து, "கேட்டுட்டு போன் பண்ணுங்க. திங்கட்கிழமை கார்டு அடிக்கணும். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மச்சானின் வீடு. என்னைப் பார்த்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தலை நரைத்திருந்தது. "மாமா" என்றான். அப்புறம், "இன்னா மாமா, திடீர்னு? எல்லாரும் நல்லா கீறாங்களா?" என்றான். அக்கா என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை.

அப்போதே பையைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய், "வேலை விஷயமா வந்தேன்" என்றது. "கம்பெனி அனுப்பிச்சது. எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலை."

"அப்டியா" என்றான் மச்சான். அவன் மனைவி ஜோதி காசிமேட்டில் மீன் விற்கிறவள். கை கழுவிக்கொண்டே வந்து, "நம்ம வூட்லயே தங்கு அண்ணே. லாட்ஜெல்லாம் கலீஜு" என்றாள். அன்று இரவு நெத்திலி வறுவல். முள்ளோடு கடித்துச் சாப்பிட்டேன்.

பொய் சொன்னவன் அதற்கு உழைக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, இல்லாத வேலைக்குப் புறப்பட்டேன். ராயபுரம் ஸ்டேஷன் பழைய மாளிகை மாதிரி தூண்களோடு நிற்கிறது, ஏறுவதற்குத்தான் ஆளில்லை. மின்சார ரயிலில் ஏறினேன். திருவொற்றியூருக்கு முன்னால் வண்டி நின்றது. கூட்ஸ் போக வழிவிட்டார்களாம். முக்கால் மணி நேரம். யாருக்கும் பதற்றமில்லை. எதிரே இருந்த பெண் பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த வண்டி நின்னாத்தான் என் வூட்ல கொழம்பே ஆவுது" என்றாள். நானும் ஒரு கைப்பிடி உரித்துக் கொடுத்தேன். வேலை என்று அன்று நான் செய்தது அது ஒன்றுதான்.

மாலையில் மச்சான் என்னை அத்தோ சாப்பிடக் கூட்டிப்போனான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருகிறார். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊரில் மீ என்கிற நூடுல்ஸைச் சட்டியில் வதக்குவார்கள். இது பச்சையாக, புளிப்பாக, நன்றாகவே இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். கேட்க வாயெடுத்தேன். "சூப் இன்னும் ஊத்தச் சொல்றேன்" என்றான் மச்சான்.

வீடு திரும்பியதும் சீட்டு ஆரம்பித்தது. மச்சானோடு ஒரே கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்த காசிம் பாய் தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்தார். கப்பலில் ஒரு பிலிப்பினோ இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த ஆட்டமாம், ஒமாஹா. ஆளுக்கு நாலு சீட்டு கையில், யாருக்கும் காட்டக்கூடாது. தரையில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது. ஐந்து சீட்டாக யாருடைய சேர்க்கை பெரியதோ அவருக்கு ஜெயம். முக்கியமான விதி ஒன்று: கையிலிருந்து இரண்டு, தரையிலிருந்து மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

காசு கிடையாது. தீக்குச்சிதான் பந்தயம். "காசு வெச்சு ஆடினா சீட்டுக்கட்டு அடுப்புக்குப் போய்டும்னு சொல்லிக்கீறேன்" என்றாள் ஜோதி. அவளும் ஆடுவாள், மூன்று பேரிலும் அவள்தான் கில்லாடி. ஆனால் தீக்குச்சிதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும்போது யாரிடம் குச்சி அதிகமோ அவர் மற்றவர்களிடம் ஆளுக்கு ஒன்று கேட்கலாம். கேட்டதைச் செய்தே ஆகவேண்டும். போன மாதம் ஜோதி ஜெயித்து, காசிம் பாய் அவளுடைய மீன் கூடையை மார்க்கெட் வரை தலையில் சுமந்திருக்கிறார். அதற்கு முந்தின தடவை மச்சானின் மீசை போயிருக்கிறது.

கேட்டதைச் செய்தே ஆகவேண்டும். இந்த ஒரு வரி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாயால் கேட்க முடியாதவனுக்கு இது ஒரு வழியல்லவா?

முதல் நாளே அவமானப்பட்டேன். நான் ரம்மி ஆடிப் பழகியவன். ரம்மியில் கையில் இருப்பதெல்லாம் நம்முடையது, எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். தரையில் நாலு டைமன் விழுந்தது. என் கையில் டைமன் ராணி. நாலும் ஒன்றும் ஐந்து, ஐந்தும் ஒரே ஜாதி, பெரிய சேர்க்கை என்று எல்லாக் குச்சிகளையும் தள்ளிவிட்டுச் சீட்டை விரித்தேன்.

காசிம் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னொரு டைமன் எங்க?"

"ஒண்ணுதான். தரையில நாலு இருக்கே."

ஜோதி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மச்சான் சிரிக்கவில்லை. "கைல ரெண்டு, தரைல மூணு, மாமா. ஒத்த சீட்ட வெச்சுகினு இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று பொறுமையாகச் சொன்னான்.

சனிக்கிழமை மறுபடியும் 'வேலை'க்குப் போனேன். எண்ணூர் பஸ். வழி நெடுகக் கண்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. லாரி நிற்பதில் கிள்ளானும் இந்த ஊரும் அண்ணன் தம்பிதான். பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார், பாதிப் பஸ் அவர் பின்னால் போனது, நானும் போனேன். நான் பன்னை முடிப்பதற்குள் வழி கிடைத்துவிட்டது. பஸ் என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது, சரோஜாவின் குடையோடு.

அந்த டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே பஸ் எதிர்த் திசையில் வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் குடையை நீட்டி, "பூ போட்ட கொட உன்னுதா? ஒரு பஸ்ஸே உன்ன தேடிகினு கீது!" என்று கத்தினார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகியது, ஆனால் வருத்தமாக இல்லை. எங்கள் ஊரில் தொலைந்த குடை தொலைந்ததுதான்.

அன்று மாலை, ஜோதி புதிதாக எண்ணிக் கொடுத்த குச்சிகளோடு நான் நிதானமாக ஆடினேன். நல்ல சீட்டு வந்தால் மட்டும் குச்சி கட்டினேன், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலகினேன். கூச்ச சுபாவம் இந்த ஆட்டத்துக்கு உதவும் என்று கண்டுகொண்டேன். யாரும் என் முகத்தில் எதையும் படிக்க முடியாது, நான் முகத்தை நிமிர்த்துவதே இல்லை. முடிவில் குச்சி நிறைந்து என் தீப்பெட்டி மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனோம். ஜோதி பிறந்த ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், தலைக்கு மேல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். வெள்ளைச் சட்டையில் மெல்லிசாகச் சாம்பல் படிந்தது. ஜோதியின் தம்பி வீட்டில் நண்டுக் குழம்பும் சுடுசோறும். இத்தனை சாம்பலுக்கு நடுவில் இத்தனை இனிப்பான நண்டு எங்கிருந்து வருகிறதோ. எங்கள் ஊரில் நண்டுக்கு மிளகாய் சாஸ் ஊற்றி அதன் ருசியையே மறைத்துவிடுவார்கள். விரலை நக்கிக்கொண்டே, நாளைக்குத் திங்கட்கிழமை என்று நினைத்தேன்.

படகு நிழலில் பாய் விரித்தோம். சூரியன் பெரிய புகைபோக்கியைத் தொட்டால் ஆட்டம் முடிவு. அதுதான் அங்கே கடிகாரம்.

நாலு மணிக்கு ஜோதியின் குச்சிகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன. காசிம் பாய் தன் குச்சியிலேயே ஒன்றை எடுத்துப் பீடி பற்றவைத்தார். "ஐயோ, சொத்த கொளுத்திகினு கீறாரு!" என்று ஜோதி கத்தினாள். அவரிடமும் கொஞ்சம்தான். மீதி என்னிடமும் மச்சானிடமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. சூரியனுக்கும் புகைபோக்கிக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான்.

"கடைசி ஆட்டம்" என்று காசிம் பாய் சீட்டைப் போட்டார்.

எனக்கு வந்தது: இஸ்பேட் ஆஸ், இரண்டு ராஜா, ஒரு ஏழு. தரையில் முதல் மூன்று சீட்டில் ஆர்ட்டின் ராஜா விழுந்தது. மூன்று ராஜா எனக்கு. கட்டினேன், மச்சான் சேர்ந்தான், மற்ற இருவரும் கவிழ்த்தார்கள். ஆனால் தரையில் மிச்சம் விழுந்ததெல்லாம் இஸ்பேட்டாகவே விழுந்தது. ஐந்தாவது சீட்டு முடிந்தபோது ராஜாவைத் தவிர மற்ற நாலும் இஸ்பேட்.

மச்சான் சற்று நேரம் கடலைப் பார்த்தான். பிறகு நடுவில் இருந்த குவியல் அளவுக்குத் தன் குச்சிகளை அள்ளி வைத்தான். பாய் மேல் சரசரவென்று சத்தம்.

தரையில் நாலு இஸ்பேட், கையில் ஆஸ்! கை குச்சிகளை நோக்கிப் போயேவிட்டது. அப்புறம்தான் டைமன் ராணி ஞாபகம் வந்தது. கையில் இரண்டு, தரையில் மூன்று. என் கையில் இஸ்பேட் ஒன்றே ஒன்று. மூன்று ராஜா இருக்கிறது, ஆனால் கையில் இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவனுக்கு ஐந்து இஸ்பேட் சேரும், அது மூன்று ராஜாவை வென்றுவிடும். மச்சான் இவ்வளவு கட்டுகிறான் என்றால் அவனிடம் இரண்டு இஸ்பேட் இருக்கிறது. காரணமில்லாமல் கட்டுகிறவன் அல்ல அவன்.

"பாரு, மறுபடியும் ஒத்த சீட்ட வெச்சுகினு யோசிக்கிறாரு!" என்றார் காசிம் பாய்.

"சும்மா இரு பாய். அண்ணன் யோசிக்கட்டும்" என்றாள் ஜோதி.

யோசித்தேன். அவன் வைத்த அளவுக்கு நானும் வைத்துப் பார்க்கலாம். பார்த்தால் தோற்பேன். கவிழ்க்கலாம். கவிழ்த்தாலும் தோல்விதான். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது மெதுவாகத்தான் புலப்பட்டது. ஐந்து இஸ்பேட் சேர்க்கைகளில் பெரியது ஆஸ் உள்ளதுதான். அந்த ஆஸ் என் கையில் இருக்கிறது. ஆகவே மச்சானிடம் இருப்பது எதுவானாலும் அது மிகப் பெரியது இல்லை, அது அவனுக்கே தெரியும். நான் என் குச்சிகள் அத்தனையையும் தள்ளினால், "மாமாவிடம் ஆஸும் இன்னொரு இஸ்பேட்டும் இருக்கிறது" என்றுதான் நினைப்பான். இரண்டு நாளாக நல்ல சீட்டு இல்லாமல் நான் கட்டியதே இல்லை. கவிழ்த்துவிடுவான். நான் ஜெயிப்பேன். அப்புறம் கேட்டதைச் செய்தே ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் தள்ளியது தவறு. இன்று தள்ளினால் அது பொய். முகத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தால் பொய் தெரியாது.

கையைக் குச்சிகள் மேல் வைத்தேன். மாலாவின் மணவறை கண்ணுக்கு முன்னால் வந்தது. மாமன் முறைக்குக் கோவிந்தசாமி நிற்கிறான், சீட்டில் தோற்றுப்போனதால். போன மாதம் காசிம் பாய் மீன் கூடை சுமந்தாரே, அந்த மாதிரி நிற்கிறான்.

கையை எடுத்தேன். "எனக்கு வேண்டாம்" என்று நாலு சீட்டையும் போட்டேன், சீட்டின் முகம் மேலே தெரியும்படி.

காசிம் பாய் குனிந்தார். "யா அல்லா! ஆஸ் கீதே! தள்ளியிருந்தா கோவிந்தசாமி ஓடியிருப்பான்!"

மச்சான் தன் சீட்டைத் திருப்பினான். இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஐந்து. அவன் என் ஆஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "தள்ளியிருந்தா சீட்ட கவுத்துப் போட்டிருப்பேன் மாமா. ஏன் தள்ளல? தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"அப்பால?"

என் வாழ்க்கையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "எனக்கு எண்ணூர்ல ஒரு வேலையும் இல்ல மச்சான். மாலாவுக்குக் கல்யாணம். உன்னைக் கூப்பிட வந்தேன். ஜெயிச்சா நீ வந்துதான் ஆகணும், அப்படி நீ வர வேணாம். சும்மாதான் கேக்கறேன். வா." பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பாயில் வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் இஸ்பேட் ஆஸை வைத்தேன்.

சூரியன் புகைபோக்கியைத் தொட்டது.

"எண்ணூர்ல வேலைன்னு சொல்லிகினு வடகறி துன்னுட்டு போனியே, அன்னிக்கே தெரியும்" என்றான் மச்சான். "கம்பெனி வேலைக்கு வர்றவன் பூ போட்ட கொட எட்துகினு வருவானா?" பிறகு அவன் குரல் மாறியது. "வரக்கூடாதுன்னு எழுதினது நீ இல்ல மாமா. வான்னு நீ சொன்னா எப்டி? இப்ப நான் ஜெயிச்சிட்டேன். உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். வான்னு அக்கா வாயால வரணும். இன்னிக்கே."

கேட்டதைச் செய்தே ஆகவேண்டும். அந்த விதி இப்போது என் கழுத்தில்.

எண்ணூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் மச்சானும் நெருக்கி நின்றோம். ஜோதி வெளியே கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டாள். சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

"கேட்டீங்களா?" என்றாள் சரோஜா எடுத்தவுடன்.

"கேட்டேன். நீ கூப்பிட்டாத்தான் வருவானாம்."

"நான் ஏன் கூப்பிடணும்? எதுக்கு உங்களை அனுப்பிச்சேன்?"

"நான் சீட்டுல தோத்துட்டேன், சரோஜா."

எண்கள் மட்டும் ஓடின. "சீட்டா? நீங்களா?"

"ஆமா."

மறுபடியும் எண்கள். "அவன்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். மச்சான் ரிசீவரைக் காதில் வைத்தான், உடனே ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தான். பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்தது வருகிறது என்று புரிந்தது. "இல்லக்கா... காசு இல்லக்கா, தீக்குச்சி... சத்தியமா தீக்குச்சி... ஆமாக்கா." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "தந்தி லேட்டா வந்துச்சுக்கா" என்று மெதுவாகச் சொன்னான். நான் கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவன் வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. ஜோதி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னா சொன்னாங்க?"

"அந்த அப்பாவி மனுசனுக்குச் சீட்டாடக் கத்துக்குடுத்தியாடா பாவின்னா. அதான் மொத பேச்சே."

"அப்பால?"

"ரெண்டு நாள் முன்னாலயே வரணுமாம். நான் அடுப்பாண்ட போகக்கூடாதாம், தாய்மாமன் சமைச்சா கேவலமாம். உன்னையும் கண்டிப்பா இட்டாரணுமாம்."

பூத்காரரிடம் பேனா வாங்கி, பத்திரிகையின் வெறுமையான இடத்தில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினான். ஜோதி எட்டிப் பார்த்தாள். "என் பேரு எங்கய்யா?" அவன் பக்கத்திலேயே இன்னும் பெரிதாக அதையும் எழுதினான். சரோஜாவுக்கு நான் மறுபடி போன் செய்து, அச்சகத்தில் கொடுக்க இரண்டு பெயரையும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிவரை தூங்கினேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் அப்படி ஒரு தூக்கம். ஜோதி இட்லித் தட்டை என் முன்னால் வைத்தாள், வடகறியைத் தாராளமாக ஊற்றினாள். மச்சான் கதவோரம் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஜோதி அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இன்னாண்ணே, இன்னிக்கு வேலைக்குப் போவலியா?"

"லீவு" என்றேன். இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கினேன்.